நாற்காலி இல்லாத வகுப்பறைகள்

ஆனேக்கல் தாலுகாவில் நான் வேலை பார்த்த தனியார் பள்ளியில், வகுப்பறைக்குள் ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது. வருகைப் பதிவேடும் சாக்பீஸ் டப்பாவும் வைத்துக்கொள்ள மேசை மட்டும் இருக்கும். 2011 ஜூன் மாதம், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நடந்த முதல் கூட்டத்திலேயே சேர்மன் இதை விளக்கிவிட்டார். "உட்கார்ந்தா சோம்பல் வந்துரும் மிஸ். நடந்துகிட்டே பாடம் எடுத்தாத்தான் பசங்க கண்ணு உங்க மேல இருக்கும்." கெட்ட எண்ணத்தில் சொன்னதாக அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. அந்தப் பக்கத்துச் சின்னப் பள்ளிகள் பலவற்றில் அதுதான் வழக்கம். எங்களுக்கெல்லாம் இருபத்தைந்தை ஒட்டிய வயது. கால்கள் அப்போது எதையும் தாங்கின.

நான் ஓசூர்க்காரி. பி.எட். முடித்த கையோடு எல்லை தாண்டி வேலைக்குப் போவது எங்கள் ஊரில் புதிதல்ல. ஆனேக்கல், பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடித் தாலுகா. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அவ்வளவுதான் தூரம். பழைய ஆனேக்கல் ஊர் பட்டு நெசவுக்கும் கரகத்துக்கும் பெயர்போனது. அதைச் சுற்றி பொம்மசந்திரா, ஜிகனி, அத்திப்பள்ளி என்று தொழிற்பேட்டைகள் வந்தன. எலெக்ட்ரானிக் சிட்டியும் ஒட்டியே வளர்ந்தது. தருமபுரி, திருவண்ணாமலையிலிருந்தும், ராய்ச்சூர், கலபுரகியிலிருந்தும், ஒடிசா, பீகாரிலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறினார்கள். ராகி விளைந்த நிலமெல்லாம் லேஅவுட் ஆயிற்று. ஒவ்வொரு லேஅவுட்டுக்கும் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளி முளைத்தது. எங்கள் பள்ளியும் அப்படி ஒன்று. ஒரே வகுப்பில் ஐந்தாறு வீட்டு மொழிகள் இருக்கும். ஒடியா பேசும் பிள்ளைக்கும் தமிழ் பேசும் பிள்ளைக்கும் நடுவே கன்னடமும் உடைந்த ஆங்கிலமும் பாலம் போட்டன. இவ்வளவு பேரையும் ஒரே பாடத்துக்குள் கொண்டுவர நல்ல தெம்பு வேண்டும். அந்தத் தெம்பு எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு நாளுக்கு எட்டுப் பீரியடுகள். ஏழு எனக்கு. எட்டாவது பீரியடில், அன்று வராத ஆசிரியரின் வகுப்பு. அந்த வகையில் பெரும்பாலான நாட்களில் எட்டும் எனக்குத்தான். காலை இறைவணக்கத்திலிருந்து மாலை பிள்ளைகளை வேன் ஏற்றும்வரை நின்றபடிதான். மதிய உணவு வேளையிலும் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொள்ளும் டியூட்டி. "மிஸ், ஊட்டா ஆய்த்தா?" (சாப்பிட்டாச்சா?) என்று ஏதாவது ஒரு குழந்தை தினமும் கேட்கும். ஆயிற்று என்று சொல்லிவிட்டு, கடைசிப் பிள்ளை கை கழுவிய பிறகு நான் டப்பாவைத் திறப்பேன். பாதி சாப்பிடும்போது மணி அடிக்கும்.

நோட்டு திருத்துவது வீட்டில். வகுப்பு நோட்டு, வீட்டுப்பாட நோட்டு, தேர்வுத் தாள், டைரி. எல்லாவற்றிலும் சிவப்பு மையில் கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெற்றோர் கேட்பார்கள், நிர்வாகம் கேட்கும். 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆசிரியரின் வேலை நேரம் வாரத்துக்குக் குறைந்தது 45 மணி என்கிறது. பாடத்துக்குத் தயாராகும் நேரமும் அதற்குள் அடக்கம். தயாரிப்பதும் வேலைதான் என்று ஒரு சட்டம் ஒப்புக்கொண்டது நல்ல செய்தி. ஆனால் அதிகபட்சம் இவ்வளவுதான் என்று எந்தக் கோடும் போடவில்லை. எங்கள் இரவுகள் அந்தக் கோடு இல்லாத பக்கத்தில் கழிந்தன.

உடம்பு முதலில் பேசியது தொண்டை வழியாக. எங்களில் ஒரு கணக்கு டீச்சர், குரல் கணீரென்று இருக்கும். மூன்றாம் ஆண்டில் அவர் குரல் கரகரத்தது, பிறகு காற்றாக மட்டும் வந்தது. குரல்நாணில் முடிச்சு என்று மருத்துவர் சொன்னார். மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், சில வாரம் பேசாமல் இருங்கள் என்றார். பேசாமல் இருந்தால் சம்பளம் கிடையாது. வகுப்பில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள், மேலே தகரக் கூரை, ஜன்னலுக்கு வெளியே லாரி போகும் சாலை. இவற்றை மீறித்தான் குரல் போக வேண்டும். போலந்து நாட்டில், நெடுங்காலக் குரல் உழைப்பால் வரும் நோய், தொழில்சார் நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. தறிக்காரருக்கு முதுகு வலிப்பதைப் போல ஆசிரியருக்குத் தொண்டை போகும் என்பதை ஒரு நாடு ஏற்று எழுதிவைத்திருக்கிறது. எங்கள் கணக்கு டீச்சர் சுக்கும் மிளகும் மென்றபடி பாடம் நடத்தி, அந்த ஆண்டின் நடுவிலேயே வேலையை விட்டுப் போனார்.

அடுத்தது சிறுநீர்த் தொற்று. இதை எழுதக் கூச்சப்பட வேண்டியதில்லை. நாட்டில் எத்தனையோ பெண்கள் இதனால் அவதிப்படுகிறார்கள். முப்பது பேருக்கு மேல் வேலை பார்த்த இடத்தில் பெண் ஊழியர்களுக்கு ஒரே ஒரு கழிப்பறை, அதுவும் கட்டடத்தின் மறுகோடியில். ஒரு வகுப்பு முடிந்ததும் அடுத்த வகுப்பு, நடுவில் ஒரு நிமிடம்கூட இல்லை. அதனால் தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டோம். காலையில் வீட்டில் ஒரு டம்ளர், பிறகு மாலையில் வீட்டில். மாதவிடாய் நாட்களில் இருண்ட நிறச் சேலை. மருத்துவரிடம் போனால், "ஏம்மா, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் ஓய்வறையில் அந்தக் கேள்வியைச் சந்திக்காத பெண் யாரும் இல்லை.

ஆசிரியர்களைப் பற்றியாவது மேடையில் யாராவது பேசுவார்கள். பள்ளியைத் தினமும் திறந்துவைத்தவர்களைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. எங்கள் ஆயாம்மா தளி பக்கத்துக்காரர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் வரும். விடியுமுன் முதல் வேனில் ஏறி, பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டு வருவார். பிறகு வகுப்பறை பெருக்குவது, எல்.கே.ஜி. பிள்ளைகளின் உடை மாற்றுவது, கழிப்பறை கழுவுவது. கையுறை கிடையாது. பினாயிலும் ஆசிடும் பட்டு அவர் விரல் நுனிகள் வெள்ளையாக உரிந்திருக்கும். மாலையில் மறுபடி வேன். கடைசிப் பிள்ளையை அம்மா கையில் ஒப்படைத்த பிறகுதான் அவருடைய நாள் முடியும். மாடிப்படிக்குக் கீழே, துடைப்பங்களுக்கு அருகில் உட்கார்ந்து சாப்பிடுவார். வேன் ஓட்டுநர் அண்ணாவுக்குக் காலை ஒரு ஓட்டம், மாலை ஒரு ஓட்டம். நடுவில் குழாய் ரிப்பேர், பெஞ்சுக்கு ஆணி அடிப்பது, பேங்க் வேலை எல்லாம் அவர்தான்.

எங்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது மே மாதம். அந்த மாதம் சம்பளம் இல்லை. அடுத்த ஆண்டும் வருவோமா என்பது ஜூனில்தான் தெரியும். வேலைக்கு எடுத்த கடிதம் யாரிடமும் கிடையாது. சேரும்போது வாங்கிய அசல் சான்றிதழ்கள் அலுவலக அலமாரியில் இருந்தன. பதிவேட்டில் கையெழுத்திட்ட தொகைக்கும் கையில் வந்த தொகைக்கும் வித்தியாசம் இருந்தது. இதை எல்லோரும் அறிந்திருந்தோம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

ஏப்ரலில் பிள்ளைகளுக்கு விடுமுறை, எங்களுக்கு வீடுவீடாக அட்மிஷன் பிடிக்கும் வேலை. நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு இருவர் இருவராகப் போவோம். 2016 ஏப்ரல் 19 அன்று நாங்கள் சந்தாபுராப் பக்கம் இருந்தோம். முந்தின நாளிலிருந்தே ஓசூர் சாலையில் பதற்றம். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் இறங்கிவிட்டார்கள். நிறுவனம் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று அந்த ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு விதியை மாற்றியிருந்தது. எந்தத் தலைவரும் கூப்பிடாமல், எந்தக் கொடியும் இல்லாமல், தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தவர்கள் அவர்கள். இரண்டாம் நாள் கல்வீச்சும் தீவைப்பும் நடந்தன. ஹெப்பகோடி காவல் நிலையம் வரை கலவரம் போயிற்று, தடியடியும் கண்ணீர்ப்புகையும் பாய்ந்தன. அன்று மாலைக்குள் அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

சாலை அடைபட்டதால் ஒரு மாணவியின் வீட்டில் ஒதுங்கினோம். அவளுடைய அம்மாவும் ஆடைத் தொழிற்சாலையில் தைப்பவர்தான், அரூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அன்று காலை ஊர்வலத்தில் நடந்துவிட்டு வீடு திரும்பியிருந்தார். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். "இந்தப் பணத்த நம்பித்தான் மிஸ் ஜூன் மாசத்து ஃபீஸே கட்டுறோம். வேலைய விட்டா பி.எஃப். எடுப்போம், அதுலதான் இவ புக்கு, யூனிஃபார்ம் எல்லாம். அம்பத்தெட்டு வயசுல குடுத்தா யாருக்கு வேணும்?" என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "உங்க ஸ்கூல்ல எவ்ளோ புடிக்கிறாங்க மிஸ்? உங்க நம்பர செல்லுல பாத்துக்கிறீங்களா?"

எனக்கு நம்பர் இருக்கிறதா என்பதே தெரியாது. கூட வந்த அறிவியல் டீச்சருக்கும் தெரியாது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அந்த அம்மா, தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, நிறுவனம் எவ்வளவு கட்டியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டு பட்டம் வாங்கிய நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பள்ளிக்கும் பி.எஃப். சட்டம் பொருந்தும், 1982லிருந்தே பொருந்துகிறது என்பதை அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

அந்தத் தேடல் அதோடு நிற்கவில்லை. அந்த அம்மா வேலை செய்த இடத்துக்கு அன்று உரிய சட்டம் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். அதன் 44ஆம் பிரிவு, நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டியவர்களுக்கு இடையில் ஓய்வெடுக்க இருக்கை தர வேண்டும் என்றது. 55ஆம் பிரிவு, அரை மணி நேர இடைவேளை இல்லாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது என்றது. குடிநீர், கழிப்பறை, முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம், எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. தொழிற்சாலைகளில் இவை ஒழுங்காக நடக்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பெண்களுடைய வலியை நேரில் பார்த்தவள் நான். ஆனால் கேட்பதற்கு அவர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் எங்களுக்கு, நாற்காலி கேட்க எந்தப் பிரிவும் இருக்கவில்லை.

கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்களைத் திரட்டிய பி. விஜியின் போராட்டத்துக்குப் பிறகு கேரளம் 2018இல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021இல் அதே வழியில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. தி.நகர்க் கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்களை நினைத்து அந்தச் செய்தியைப் படித்தபோது மனம் நிறைந்தது. அதே நேரத்தில் எங்கள் வகுப்பறைகளும் நினைவுக்கு வந்தன. அந்தச் சட்டம் கடைகளுக்கு உரியது, பள்ளிக்கூட வாசலுக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை? இதற்கான விடை எனக்கு நீதிமன்றத் தீர்ப்புகளில் கிடைத்தது. 1978இல் பெங்களூரு குடிநீர் வடிகால் வாரிய வழக்கில், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இருந்த ஏழு நீதிபதிகள் அமர்வு, தொழில் தகராறு சட்டத்தின் பார்வையில் கல்வி நிலையமும் ஒரு தொழில் நிலையமே என்று வகுத்தது. எங்கள் பக்கத்திலிருந்து போன வழக்கு அது. அதன்படி எங்கள் ஆயாம்மாவும் ஓட்டுநர் அண்ணாவும் அப்போது தொழிலாளர்கள், காரணமில்லாமல் நீக்கினால் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாம். அவர்களிடம் இதை யாரும் சொன்னதில்லை. பத்தாண்டு கழித்து, 1988இல், கோவாவில் ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சுந்தராம்பாள் என்ற ஆசிரியையின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆசிரியர் அந்தச் சட்டத்தின்படி தொழிலாளர் ஆகமாட்டார் என்று தீர்ப்பளித்தது. கற்பித்தல் உடலுழைப்பும் இல்லை, எழுத்தர் வேலையும் இல்லை, அது ஓர் உன்னதப் பணி என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இந்த வரியை நான் பலமுறை படித்தேன். வாழ்நாள் முழுவதும் மேடைகளில் கேட்டதும் இதைத்தான். செப்டம்பர் 5 வந்தால் ஆசிரியர் தெய்வத்துக்குச் சமம் என்பார்கள். மே மாதச் சம்பளம் கேட்டால், "சேவைன்னு நினைச்சு செய்யுங்க மிஸ்" என்பார்கள். எங்களை உயர்த்திப் பேசிய சொல்லே எங்கள் உரிமையைத் தள்ளிவைக்கும் சொல்லாக இருந்தது. உன்னதமான வேலை செய்பவருக்கும் கால் வலிக்கும், சிறுநீர் வரும், வீட்டு வாடகை கட்ட வேண்டும். 1966 அக்டோபர் 5 அன்று பாரிசில், யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து கொண்டுவந்த ஆசிரியர் நிலை பற்றிய பரிந்துரை இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தது. ஆசிரியருக்கு நல்ல பணிச்சூழல் இருந்தால்தான் பிள்ளைகளுக்கு நல்ல கல்வி கிடைக்கும் என்று இரண்டையும் அது ஒரே முடிச்சில் கட்டியது. உலக ஆசிரியர் நாள் அக்டோபர் 5 ஆனதற்குக் காரணமே அந்தப் பரிந்துரைதான்.

அந்த முடிச்சின் உண்மையை நான் எங்கள் பள்ளியின் நான்காம் வகுப்பில் பார்த்திருக்கிறேன். கணக்கு டீச்சர் குரல் போய் விலகிய பிறகு வந்தவர் மூன்று மாதத்தில் வேறு பள்ளிக்குப் போனார், அடுத்தவர் திருமணமாகிப் போனார். அந்த ஆண்டு அந்தப் பிள்ளைகள் பின்னங்களைக் கற்கவே இல்லை. ஒவ்வொரு புதிய டீச்சரிடமும் முதல் பாடத்திலிருந்து தொடங்கினார்கள். ஐந்தாம் வகுப்பில் அரை பெரிதா கால் பெரிதா என்று தெரியாமல் விழித்த பிள்ளைகளை மந்தம் என்று எழுதியது மதிப்பெண் அட்டை.

2020 மார்ச்சில் பள்ளி மூடியது. அத்திப்பள்ளிச் சோதனைச் சாவடியில் தடுப்பு வைத்துவிட்டார்கள், எங்களுக்கும் பள்ளிக்கும் இடையில் திடீரென ஒரு நாட்டு எல்லை வந்துவிட்டது. கட்டணம் வரவில்லை, அதனால் சம்பளம் இல்லை என்றார்கள். சில மாதம் பாதிச் சம்பளத்தில் செல்போன் வழியாகப் பாடம் எடுத்தோம், பிறகு அதுவும் நின்றது. நான் வேலையை இழந்தேன். அறிவியல் டீச்சர் வீட்டில் நைட்டி தைத்துக் கொடுத்தார். பி.டி. மாஸ்டர் மூட்டை தூக்கப் போனார். ஓட்டுநர் அண்ணா தள்ளுவண்டியில் தக்காளி விற்றார். 2021 ஜூனில் கர்நாடக அரசு, உதவி பெறாத தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரே தவணையாக 5,000 ரூபாய் அறிவித்தது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் நாங்கள் இருக்கிறோம் என்பதை அரசு சொன்ன முதல் தடவை அது. எங்களில் சிலருடைய பெயர் பள்ளியிலிருந்து போன விவரங்களில் இல்லை என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. ஆண்டுக்கணக்கில் பாடம் எடுத்தவர்கள் காகிதத்தில் எங்கும் இல்லை. ஆயாம்மாவுக்கும் அண்ணாவுக்கும் அந்த உதவி வரவே இல்லை.

அரசுப் பள்ளிப் பக்கமும் நிலைமை வேறுமாதிரி கடினம்தான். என் தோழி ஒருத்தி தாலுகாவின் அரசுப் பள்ளி ஒன்றில் அதிதி ஆசிரியை, ஆண்டுதோறும் புதிதாக எடுக்கப்படும் கௌரவ ஊதியக்காரி. மதிய உணவு சமைக்கும் பெண்களின் கௌரவ ஊதியத்தில் மத்திய அரசின் கணக்கு 2009இல் மாதம் 1,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதம் என்று தொடங்கியது. அதன் பிறகு இங்கே ஏறிய தொகையெல்லாம் மாநில அரசு கூட்டியவை, பெரும்பாலும் அந்தப் பெண்கள் பெங்களூருவின் சாலைகளில் உட்கார்ந்து கேட்டு வாங்கியவை.

2022 ஜூனில் வேறொரு பள்ளியில் சேர்ந்தேன். அதுவும் சின்னப் பள்ளிதான், கட்டணமும் ஏறக்குறைய அதேதான். அங்கே தலைமை ஆசிரியை, தாமே பதினைந்தாண்டு நின்று பாடம் எடுத்தவர். எல்லா வகுப்பிலும் நாற்காலி போட்டிருந்தார். ஒவ்வொரு ஆசிரியருக்கும் தினம் ஒரு பீரியட் ஓய்வு, அதில் மாற்று வகுப்பு கொடுக்கமாட்டார். முற்பகலில் ஒரு மணி, பிற்பகலில் ஒரு மணி அடிக்கும்போது பிள்ளைகளும் ஆசிரியர்களும் சேர்ந்தே தண்ணீர் குடிப்பார்கள். ஊழியர் கழிப்பறையில் தாழ்ப்பாளும் தண்ணீரும் மூடியிட்ட கூடையும் இருந்தன. ஆயாக்களுக்குக் கையுறை, உட்கார்ந்து சாப்பிட மேசை. மாலை ஆறு மணிக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் பள்ளிச் செய்தி வராது. மே மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டாகப் பிரித்துத் திட்டமிட்டிருந்தார். இவற்றில் மே சம்பளம் ஒன்றுதான் பெரிய செலவு பிடிக்கும் விஷயம், மற்றவை எல்லாம் கவனம் இருந்தால் முடிகிறவை.

அங்கே நான் உட்கார்ந்து ஒரு பிள்ளையின் நோட்டைப் பக்கத்தில் வைத்துத் திருத்தினேன். அவன் என் தோளுயரத்தில் நின்று, எங்கே தப்பு என்று தானே கண்டுபிடித்தான். நின்றபடி இருந்தால் நாற்பது தலைகளைத்தான் பார்க்க முடியும். உட்கார்ந்தால் ஒரு முகத்தைப் பார்க்கலாம். நடுவருடத்தில் ஆசிரியர் விட்டுப்போவது அந்தப் பள்ளியில் அரிது. நான்காம் வகுப்பில் பின்னம் சொல்லிக்கொடுத்தவரே ஐந்தாம் வகுப்பில் தசமம் சொல்லிக்கொடுத்தார்.

2022 ஆகஸ்ட் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. அதன் பின்கதை நீளமானது. ஆசிரியர்கள் பணிக்கொடைச் சட்டத்தின் கீழ் வரமாட்டார்கள் என்று 2004இல் அகமதாபாத் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2009இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3ஆம் தேதியிலிருந்தே ஆசிரியர்களுக்கும் அது பொருந்தும் என்றது. தனியார் பள்ளிகளின் கூட்டமைப்புகள் அதை எதிர்த்து வழக்குப் போட்டன. நீதிபதிகள் சஞ்சீவ் கன்னாவும் பேலா திரிவேதியும் அவற்றைத் தள்ளுபடி செய்து, பாக்கியை வட்டியோடு ஆறு வாரத்துக்குள் கொடுக்கச் சொன்னார்கள். ஐந்தாண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் போதும். கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும்.

செய்தியைப் படித்த அன்றே ஆயாம்மாவுக்குப் போன் செய்தேன். ஆசிரியர்கள் விஷயத்தில்தான் இத்தனை ஆண்டு வழக்கு நடந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பள்ளியின் மற்ற ஊழியர்களுக்கு 1997லிருந்தே அந்த உரிமை இருந்திருக்கிறது. முட்டி வலியால் அவர் அந்தக் கோடையில் வேலையை விட்டிருந்தார். பதினேழு ஆண்டுப் பணி, கடைசிச் சம்பளம் 9,000. கணக்குப் போட்டால் 88,269 ரூபாய். எனக்கு ஒன்பது ஆண்டு, 14,000 சம்பளத்தில் 72,692. "எனக்கா டீச்சரம்மா? நான் கூட்டுனதுக்கு மாசாமாசம்தான் குடுத்துட்டாங்களே" என்றார் ஆயாம்மா.

நியமனக் கடிதம் இல்லாததால் வேறு சான்றுகளைத் தேடினோம். ஆண்டு விழாப் புகைப்படங்கள், பிள்ளைகளின் டைரியில் என் கையெழுத்து, ஆயாம்மாவின் படத்தோடு பள்ளி கொடுத்த அடையாள அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம். முதலில் பள்ளிக்குப் படிவம் அனுப்பினோம். பதில் இல்லை. பிறகு தொழிலாளர் துறையில் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனு கொடுத்தோம். விசாரணையில் ஆயாம்மா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, எந்த ஆண்டு எந்தக் கட்டடம் எழும்பியது, எந்த ஆண்டு வேன் வாங்கினார்கள் என்று வரிசையாகச் சொன்னார். அந்தப் பள்ளியின் வரலாறு அவரிடம்தான் முழுதாக இருந்தது. எதிர்த்தரப்பு அதற்கு மேல் வாதாடவில்லை, இருவருக்கும் காசோலை வந்தது.

இன்று வேலைக்குச் சேரும் இளம் ஆசிரியைகளிடம் இவற்றைத்தான் சொல்கிறேன். நியமனக் கடிதம் கேளுங்கள், தேதியும் சம்பளமும் அதில் இருக்கட்டும். அசல் சான்றிதழைக் காட்டுங்கள், கொடுத்துவிடாதீர்கள். சம்பளம் வங்கி வழியாக வரட்டும். பி.எஃப். எண்ணை வாங்கி மாதம் ஒருமுறை செல்போனில் பாருங்கள். தண்ணீர் குடியுங்கள். பள்ளி நடத்துபவர்களிடமும் சொல்கிறேன். ஸ்மார்ட் போர்டு வாங்கும் பணத்தில் ஒரு பங்கில் எல்லா வகுப்புக்கும் நாற்காலியும் ஊழியர்களுக்கு இன்னொரு கழிப்பறையும் வந்துவிடும். பெற்றோரிடமும் கேட்கிறேன். சேர்க்கைக்குப் போகும்போது கம்ப்யூட்டர் லேப் எங்கே என்று கேட்பதோடு, இங்கே ஆசிரியர்கள் எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். உங்கள் பிள்ளை படிக்குமா என்பதை அந்தப் பதில் சொல்லும்.

காசோலை வந்த வாரம் ஆயாம்மா ஓசூருக்கு என் வீடு தேடி வந்தார். அடகில் இருந்த கம்மலை மீட்டுக் காதில் போட்டிருந்தார். நன்றி சொல்ல வந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் மடியிலிருந்து பேரன் எழுதிக்கொடுத்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். வேன் அண்ணா, பழைய வாட்ச்மேன், இரண்டு ஆயாக்கள், குரல் போய் விலகிய கணக்கு டீச்சர், இன்னும் சிலர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சேர்ந்த ஆண்டும் விட்ட ஆண்டும் இருந்தன. "இவங்களுக்கெல்லாம் எவ்ளோ வரும்னு கணக்குப் போடு டீச்சரம்மா" என்றார். கணக்கு டீச்சருக்கு ஐந்தாண்டு நிறையவில்லை, சட்டம் அவரைத் தொடாது. மற்றவர்களுக்கு அன்று மாலையே படிவம் எழுத உட்கார்ந்தோம்.